கல்லூரி ஹிட்டரை எடைபோடுவது எப்படி?

அத்தியாயம் 7

டிராஃப்ட் நெருங்கும் ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரி ஹிட்டர்களின் பட்டியலைக் கையில் எடுத்தால் .400 சராசரிகளும் 25 ஹோம் ரன்களும் வரிசைகட்டி நிற்கும். மேஜர் லீகிலோ ஒரு சீசனில் .300ஐத் தொடுபவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அப்படியென்றால் அந்த .400இல் ஆட்டக்காரருடைய பங்கு எவ்வளவு, அவர் ஆடிய சூழல் கொடுத்தது எவ்வளவு?

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான வேலைதான். முதலில் சூழல் கொடுத்ததைக் கழிப்போம். மட்டை, மைதானம், எதிரணி, வயது என்று நான்கு கழிவுகள். அடுத்து, மிஞ்சியதில் எந்தத் திறன் பெரிய லீக் வரை கூட வரும் என்று பார்ப்போம். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பக்க அறிக்கையில் அடக்குவோம்.

யாரைப் பார்க்கிறோம்?

1965இல் தொடங்கிய டிராஃப்ட் இப்போது ஜூலையில் 20 சுற்றுகளாக நடக்கிறது. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த ஒருவரை, அவர் மூன்றாம் ஆண்டை முடித்த பிறகோ 21 வயதை எட்டிய பிறகோதான் அணிகள் எடுக்க முடியும். ஈராண்டு ஜூனியர் கல்லூரிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் பெரும்பாலோர் 21 வயது மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பள்ளியிலிருந்து வரும் 18 வயதுப் பையனுக்குப் பின்னால் நம்பத்தக்க புள்ளிவிவரம் என்று பெரிதாக எதுவும் இராது. கல்லூரி ஹிட்டரிடம் ஆண்டுக்கு 56 ஆட்டம் வீதம் மூன்று சீசன்களின் கணக்கு இருக்கும்.

கல்லூரி ஆட்டக்காரர்கள்தான் போட்ட பணத்துக்குக் கூடுதல் பலன் தருகிறார்கள் என்று பில் ஜேம்ஸ் 1980களிலேயே வாதிட்டார். 2002 டிராஃப்டில் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அந்த வழியில் நடந்தது. மைக்கேல் லூயிஸின் 'மணிபால்' நூலால் அது உலகறிந்த கதையாயிற்று. அந்த ஆண்டு அவர்கள் எடுத்த நிக் ஸ்விஷர் நீண்ட காலம் ஆடினார். நூலின் நாயகர்களில் ஒருவரான அலபாமா கேட்சர் ஜெரமி பிரவுன் மேஜர் லீகில் ஆடியது ஐந்தே ஆட்டங்கள். கணக்கு இருப்பது நல்லது. அதைப் படிக்கத் தெரிந்திருப்பது அதைவிட முக்கியம்.

முதல் கழிவு: மட்டை

தொழில்முறை ஆட்டம் மர மட்டையால் ஆடப்படுகிறது. கல்லூரியில் 1974 முதல் உலோக மட்டை. இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைப் பழைய சாதனைப் பட்டியலே சொல்லும். 1985இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பீட் இன்காவிலியா ஒரே சீசனில் 48 ஹோம் ரன் அடித்தார். 1998 கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் சதர்ன் கலிஃபோர்னியா அணி அரிசோனா ஸ்டேட்டை 21–14 என்று வென்றது. அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் போலிருந்த இத்தகைய முடிவுகள் விதியை மாற்ற வைத்தன.

2011 முதல் பிபிகோர் தரம் வந்தது. மட்டையில் மோதும் பந்து எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு 0.50 என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி அடிக்கும் ஹோம் ரன் 2010இல் 0.94ஆக இருந்தது, 2011இல் 0.52க்கு விழுந்தது. சரிவு மிகையாகிப் போனதால் 2015இல் தையல் தாழ்ந்த பந்து வந்தது. காற்றின் தடை குறைந்து பந்து மறுபடி தூரம் போகத் தொடங்கியது. எனவே 2005இல் அடித்த 20 ஹோம் ரன்னும் 2013இல் அடித்த 20 ஹோம் ரன்னும் 2024இல் அடித்த 20 ஹோம் ரன்னும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஒரு ஹிட்டரை முந்தைய தலைமுறையோடு ஒப்பிடுமுன் அந்த ஆண்டின் பொதுச் சராசரியைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதிய தரம் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் ஒன்றை அது மாற்றவில்லை. உட்பக்கமாக வரும் ஃபாஸ்ட்பால் கைப்பிடிக்கு அருகே பட்டால் மர மட்டை முறியும், பந்து பிட்சரிடமே சோம்பலாக உருளும். உலோக மட்டை முறிவதில்லை. அதே பந்து உள்வட்ட வீரர்களின் தலைக்கு மேல் போய் விழுந்து ஹிட்டாகக் கணக்கில் ஏறும். அப்படிக் கிடைத்த ஹிட்டுகளைக் காணொளி பார்த்துத் தனியே எண்ணுங்கள். .400 சராசரி சில சமயம் உங்கள் கண் முன்னாலேயே .350 ஆகிவிடும்.

இதற்கு நேரடிச் சோதனை, மர மட்டையால் ஆடும் கோடைக்கால லீகுகள். அவற்றில் தலையாயது மாசசூசெட்ஸின் கேப் காட் லீக். 1985 முதல் அங்கே மர மட்டைதான். நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்த மாணவர்கள் 10 அணிகளாகப் பிரிந்து ஆடுகிறார்கள். அதைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அது ஏறக்குறைய 40 ஆட்டங்களே கொண்டது. அந்த அளவில் அதிர்ஷ்டம் சராசரியை எளிதில் ஏற்றி இறக்கும். இரண்டு, வசந்த கால சீசனில் களைத்த சிறந்த பிட்சர்கள் பலர் கோடையில் ஓய்வெடுத்துவிடுகிறார்கள். ஆகவே கேப் காட்டின் சராசரியைவிட, அங்கே அவருடைய ஸ்ட்ரைக்அவுட் விகிதம் கல்லூரி அளவிலிருந்து எவ்வளவு ஏறியது என்பதைப் பாருங்கள்.

இரண்டாம் கழிவு: மைதானம்

மேஜர் லீகில் 30 மைதானங்கள்தான். கல்லூரி டிவிஷன் ஒன்றில் ஏறக்குறைய 300 அணிகள். கடல்மட்டத்தில் ஈரக் காற்று வீசும் மைதானமும் உண்டு, மலை மேல் காற்று மெலிந்த மைதானமும் உண்டு. சென்னையிலோ கொழும்பிலோ கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தட்டையான ஆடுகளத்தில் எடுத்த முச்சதத்தை யாரும் அப்படியே டெஸ்ட் தகுதியாக எடுத்துக்கொள்வதில்லை.

நல்ல உதாரணம் நிக் கொன்சாலெஸ். நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் மைதானம் இருக்கும் லாஸ் குரூசெஸ் உயரமான, வறண்ட ஊர். 2019இல் அவர் .432 அடித்து டிவிஷன் ஒன்றிலேயே முதலிடம் பிடித்தார். அணிகள் அந்த எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்த்தன. அதே கோடையில் கேப் காட்டில், கடல்மட்டத்தில், மர மட்டையோடு .351 அடித்து லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரரானார். சந்தேகத்தின் பெரும்பகுதி அங்கே தீர்ந்தது. 2020இல் பிட்ஸ்பர்க் அவரை ஏழாவதாக எடுத்தது. 2023இல் மேஜர் லீகுக்கு வந்தார். ஆனால் அங்கே அவர் நட்சத்திரமாகவில்லை. கேப் காட் உறுதி செய்தது 'இவர் உண்மையான ஹிட்டர்' என்பதை மட்டுமே, '.432 ஹிட்டர்' என்பதை அல்ல.

எதிர்த் திசையிலும் கழிக்க வேண்டும், அதாவது கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் லாங் பீச் ஸ்டேட் ஆடும் பிளேர் ஃபீல்டு பிட்சர்களுக்குச் சாதகமான மைதானம் என்று பெயர் பெற்றது. 2005இல் ஏழாவதாகப் போன டிராய் டுலோவிட்ஸ்கியும், 2006இல் மூன்றாவதாகப் போன எவன் லொங்கோரியாவும் அங்கே ஆடியவர்களே. லொங்கோரியாவும் டிராஃப்டுக்கு முந்தைய கோடையில் கேப் காட்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்றிருந்தார். வீட்டு மைதானம் மறைத்ததை வெளி மைதானம் காட்டிக்கொடுத்தது.

செய்ய வேண்டியது: உள்ளூர் ஆட்டங்களையும் வெளியூர் ஆட்டங்களையும் பிரித்து எழுதுங்கள். ஒரே சீசனை நம்பாமல் மூன்று சீசன்களைச் சேர்த்துப் பாருங்கள். மைதானத்தின் உயரம், வேலியின் தூரம், காற்று வீசும் திசை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கழிவு: எதிரணி

கல்லூரி அட்டவணையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்தக் கழிவு எளிது. வார இறுதியில் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டங்கள். வெள்ளி இரவு இரு அணிகளும் தங்கள் முதல் தர பிட்சரை இறக்கும். சனி, ஞாயிறு என்று போகப் போகத் தரம் பொதுவாக இறங்கும். செவ்வாய் அல்லது புதன்கிழமை நடுவார ஆட்டம். அதில் அடுத்த நிலை பிட்சர்கள் வருவார்கள். பிப்ரவரியில், பிரிவுப் (கான்ஃபரன்ஸ்) போட்டிகள் தொடங்குமுன், வலிமையான அணிகள் பலவீனமான அணிகளை வரவழைத்து ஆடுவதும் வழக்கம்.

ஆகவே ஒரு ஹிட்டரின் 20 ஹோம் ரன்னை நான்கு கட்டங்களில் போடுங்கள்: வெள்ளி, சனி–ஞாயிறு, நடுவாரம், பிப்ரவரி. கடைசி இரண்டில் 13 விழுந்திருந்தால் உங்கள் உற்சாகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எஸ்இசி எனப்படும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸில் வெள்ளிக்கிழமை எதிர்கொள்ளும் பிட்சர் பெரும்பாலும் அவரே ஒரு டிராஃப்ட் ஆட்டக்காரர். மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் மணிக்கு 94 மைலை ஒட்டியிருக்கிறது. அந்த வேகத்தை ஒரு ஹிட்டர் எத்தனை முறை பார்த்தார், பார்த்தபோது என்ன செய்தார் என்பதே கேள்வி. இன்று பெரும்பாலான பெரிய கல்லூரி மைதானங்களில் டிராக்மேன் கருவி இருப்பதால், 93 மைலுக்கு மேற்பட்ட பந்துகளை மட்டும் பிரித்துப் பார்க்க அணிகளால் முடிகிறது. அந்தத் தரவு கைக்கு வராதவர்கள் வெள்ளிக்கிழமைக் கணக்கை வைத்தே பாதிக் கிணறு தாண்டலாம்.

சிறிய பிரிவில் ஆடுகிறார் என்பதாலேயே ஒருவரை ஒதுக்கவும் கூடாது. சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் கிரிஸ் பிரையன்ட் ஆடியது வலிமையான பிரிவில் அல்ல. ஆனால் பிபிகோர் மட்டையின் வறட்சிக் காலமான 2013இல் அவர் 62 ஆட்டங்களில் 31 ஹோம் ரன் அடித்தார். டிவிஷன் ஒன்றின் பெரும்பாலான அணிகள் மொத்தமாகவே அவ்வளவு அடிக்கவில்லை. கூடவே 66 வாக், 44 ஸ்ட்ரைக்அவுட். எதிரணிக்காக எவ்வளவு கழித்தாலும் அதற்கு மேல் நின்ற எண்கள் அவை. சிகாகோ கப்ஸ் இரண்டாவதாக எடுத்தது. 2015இல் ஆண்டின் சிறந்த புதுமுகம், 2016இல் நேஷனல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்.

நான்காம் கழிவு: வயது

கல்லூரியில் 19 வயதுப் பிட்சரை 22 வயது ஹிட்டர் அடிக்கிறார் என்றால் அது பெரியவர் சிறியவரை அடித்த கணக்கு. பிறந்த தேதியை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரே மூன்றாம் ஆண்டு வகுப்பில் 20 வயதும் சில மாதமும் ஆனவரும் இருப்பார், 22ஐ நெருங்குபவரும் இருப்பார். இருவரும் ஒரே சராசரி வைத்திருந்தால் இளையவருக்கே கூடுதல் மதிப்பு. நான்காம் ஆண்டு மாணவர் என்றால் இன்னும் கடுமையாகக் கழியுங்கள்.

வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது வளர்ச்சியின் வடிவம். ஆண்ட்ரூ பெனின்டெண்டி ஆர்கன்சாவில் முதல் ஆண்டு .276, ஒரே ஒரு ஹோம் ரன். அடுத்த ஆண்டு .376, 20 ஹோம் ரன். வயதுத் தகுதியால் இரண்டாம் ஆண்டிலேயே டிராஃப்டுக்கு வந்தார். ஒரே ஆண்டின் பாய்ச்சலை நம்பலாமா? அவர் விஷயத்தில் பாஸ்டன் நம்பியது, 2015இல் ஏழாவதாக எடுத்தது. மூன்று ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணியில் அவர் இருந்தார். பாய்ச்சலைக் கண்டால் காரணத்தைத் தேடுங்கள். உடல் வலுத்ததா, காயம் ஆறியதா, ஸ்விங் மாறியதா? கண்ணுக்குத் தெரியும் காரணம் இருந்தால் நம்பிக்கையைக் கூட்டலாம். காரணமே தெரியாமல் சராசரி மட்டும் ஏறியிருந்தால் பொறுத்திருங்கள்.

மிஞ்சியதில் கூட வருவது எது?

நான்கு கழிவுகளும் முடிந்தன. இப்போது சராசரியை ஓரமாக வைத்துவிட்டு மூன்று திறன்களைப் பாருங்கள்.

முதலாவது, எதை அடிப்பது என்ற முடிவு. ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளியே போகும் பந்துகளில் எத்தனை சதவீதத்தைத் துரத்துகிறார்? மேஜர் லீக் சராசரி ஏறக்குறைய 28 சதவீதம். கல்லூரிப் பிட்சிங்குக்கு எதிராகவே 30ஐத் தாண்டுபவர், கூர்மையான ஸ்லைடர்களைப் பார்க்கத் தொடங்கியதும் திணற வாய்ப்பு அதிகம். இங்கே ஒரு பொறி உண்டு. நிறைய வாக் எடுப்பது எப்போதும் நல்ல கண்ணுக்குச் சான்றாகாது. பின்னால் பலவீனமான ஹிட்டர் இருந்தால் பிட்சர்கள் இவருக்கு நல்ல பந்தே போட மாட்டார்கள். சிலர் எந்தப் பந்தையும் அடிக்கத் தயங்கி நின்றே வாக் சேர்ப்பார்கள். வெளியே போவதை விடுவதோடு, நடுவில் வருவதைத் தவறாமல் தாக்குகிறாரா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, மட்டை பந்தைத் தொடும் திறன். நடைமுறை அளவுகோல் இது: கல்லூரியில் ஸ்ட்ரைக்அவுட் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் விசாரணை, 25ஐ நெருங்கினால், அசாதாரண வலிமை இல்லாதவரை மேல்சுற்றுகளில் எடுக்க வேண்டாம். மொத்த விகிதத்தோடு நிறுத்தாமல் எந்தப் பந்துக்குத் தவறுகிறார் என்றும் பிரியுங்கள். ஸோனுக்குள் வரும் ஃபாஸ்ட்பாலைத் தவறவிடுவது ஆபத்தான நோய். ஸோனுக்கு வெளியே போகும் பிரேக்கிங் பாலைத் தவறவிடுவது பயிற்சியில் ஓரளவு திருத்தக்கூடியது.

மூன்றாவது, அடியின் வேகம். மட்டையைவிட்டுப் பந்து கிளம்பும் வேகம் 95 மைலுக்கு மேல் இருந்தால் அது 'ஹார்ட் ஹிட்'. ஒரே ஒரு உச்ச அடியைவிட, ஒரு ஹிட்டரின் சிறந்த பத்து சதவீத அடிகள் எந்த வேகத்தில் தொடங்குகின்றன என்பது நம்பகமான அளவு. கல்லூரியில் அது 105 மைலைத் தாண்டினால் வலிமையில் கவலை இல்லை.

வலிமையைப் பற்றி ஒரு விலக்கு. ஏரன் ஜட்ஜ் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகளில் அடித்த ஹோம் ரன்கள் முறையே 2, 4, 12. ஆறடி ஏழங்குல உடம்பின் பலம் பேட்டிங் பயிற்சியில் எல்லோருக்கும் தெரிந்தது, ஆட்டத்தில் முழுதாக வரவில்லை. நீண்ட கைகளால் தவறும் பந்துகள் அதிகமாகும் என்ற பயமும் இருந்தது. 2013இல் 32ஆவதாகத்தான் போனார். 2022இல் 62 ஹோம் ரன் அடித்தார். வலிமை இருந்தும் ஆட்டத்தில் வராதவருக்கு வழி உண்டு. வலிமையே இல்லாதவருக்கு அந்த வழி குறுகலானது.

கண்ணால் பார்க்கும்போது

தரவு எவ்வளவு இருந்தாலும் நேரில் பார்ப்பதற்கு மாற்றில்லை. வலக்கை ஹிட்டரை முதல் பேஸ் பக்கத்திலிருந்தும் இடக்கை ஹிட்டரை மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்தும் பாருங்கள். அவர் மார்பும் கைகளும் உங்களை நோக்கியிருக்கும், ஸ்விங் முழுதும் தெரியும். முடிந்தால் ஒரு வார இறுதியின் மூன்று ஆட்டங்களையும் பாருங்கள். கவனிக்க வேண்டியவை:

• ஃபவுல் எங்கே போகிறது? வலக்கை ஹிட்டர் சாதாரண வேகப் பந்துகளைத் தொடர்ந்து முதல் பேஸ் பக்கம் ஃபவுல் அடித்தால் அவர் பிந்துகிறார் என்று பொருள்.

• உட்பக்கப் பந்துக்கு முழங்கை உடம்போடு ஒட்டிவந்து மட்டையைக் கொண்டுவர முடிகிறதா? கைகள் முதலிலேயே அகன்றுவிட்டால் மர மட்டையில் சிரமப்படுவார்.

• சேஞ்ச்அப் வரும்போது முன்கால் ஊன்றிய பிறகும் கைகள் பின்னால் காத்திருக்கின்றனவா, உடம்பு மொத்தமாக முன்னால் சரிந்துவிடுகிறதா?

• இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு ஏதாவது மாறுகிறதா?

• முதல் முறை ஏமாந்த பந்துக்கு மூன்றாம் முறை என்ன செய்தார்? ஓர் ஆட்டத்துக்குள் நடக்கும் இந்தத் திருத்தம்தான் மைனர் லீகில் ஆண்டு முழுக்கத் தேவைப்படும்.

பார்த்ததை 20 முதல் 80 வரையிலான ஸ்கௌட் அளவில் எழுதுங்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10ம் ஒரு திட்ட விலக்கம். அடிக்கும் திறனுக்கு ஓர் எண், வலிமைக்கு ஓர் எண். வலிமையிலும் பயிற்சியில் தெரிவது வேறு, ஆட்டத்தில் வருவது வேறு. இன்றைய எண்ணையும் எதிர்கால எண்ணையும் தனித்தனியே எழுதுங்கள். கல்லூரியில் .420 அடிப்பவருக்கும் இன்றைய எண் 30ஆக இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அளவுகோல் மேஜர் லீகுடையது.

எந்த இடத்தில் நிற்பார்?

ஒரே அளவு அடிக்கும் இருவரில் ஒருவர் கேட்சர், மற்றவர் முதல் பேஸ் என்றால் மதிப்பு வானத்துக்கும் பூமிக்கும். 2008இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் .463 சராசரியும் 26 ஹோம் ரன்னும் வைத்திருந்த பஸ்டர் போசி கேட்சர். 2019இல் ஓரிகன் ஸ்டேட்டிலிருந்து முதலாவதாகப் போன ஆட்லி ரட்ச்மனும் கேட்சர். அவர்கள் சுமாராக அடித்திருந்தாலும் அணிக்குப் பயன்பட்டிருப்பார்கள். முதல் பேஸ்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வேறு இடம் கிடையாது. வலக்கையால் அடித்து வலக்கையால் எறியும் முதல் பேஸ்காரரிடம் அணிகள் இன்னும் கறார்.

அந்தக் கறார் சில சமயம் நல்ல பேரத்தைத் தருகிறது. டெக்சாஸ் ஸ்டேட்டின் பால் கோல்ட்ஷ்மிட்டுக்குச் சிறிய பிரிவு என்ற கழிவும் முதல் பேஸ் என்ற கழிவும் சேர்ந்து விழுந்தன. 2009இல் எட்டாம் சுற்றில், மொத்தத்தில் 246ஆவதாகப் போனார். 2022இல் நேஷனல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். ஃப்ளோரிடாவின் பீட் அலொன்சோ 2016இல் இரண்டாம் சுற்றில் போய், 2019இல் புதுமுகமாகவே 53 ஹோம் ரன் அடித்தார். மேல்சுற்றில் கறாராக இருங்கள். நடுச்சுற்றுகளில், எல்லோரும் கழித்துத் தள்ளிய முதல் பேஸ்காரரை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

பயிற்சி: 2024 வகுப்பு

கற்றதை ஒரு வகுப்பில் போட்டுப் பார்ப்போம். 2024இல் நான்கு கல்லூரி ஹிட்டர்கள் முதல் ஆறு இடங்களுக்குள் போனார்கள்.

டிராவிஸ் பசானா, ஓரிகன் ஸ்டேட், முதலாவது: .407, 28 ஹோம் ரன், 76 வாக், 37 ஸ்ட்ரைக்அவுட்.
சார்லி காண்டன், ஜார்ஜியா, மூன்றாவது: .433, 37 ஹோம் ரன்.
நிக் கர்ட்ஸ், வேக் ஃபாரஸ்ட், நான்காவது: .306, 22 ஹோம் ரன், 78 வாக்.
ஜாக் காக்லியானோன், ஃப்ளோரிடா, ஆறாவது: .419, 35 ஹோம் ரன், 26 ஸ்ட்ரைக்அவுட்.

சராசரியை மட்டும் பார்த்தால் கர்ட்ஸ் கடைசி. முதல் பேஸ்காரர், காயங்கள் பற்றிய கவலையும் உண்டு. ஆனால் 78 வாக் என்ற எண், அவர் வெளியே போகும் பந்துகளை விடத் தெரிந்தவர் என்று சொன்னது. வலிமையில் யாருக்கும் ஐயமில்லை. காக்லியானோனின் ஸ்ட்ரைக்அவுட் குறைவு. ஆனால் அவர் துரத்தித் துரத்தி அடிப்பவர் என்ற எச்சரிக்கை அப்போதே இருந்தது. அந்தப் பந்துகளையும் தொட்டுவிடும் கைகள் இருந்ததால் கல்லூரிக் கணக்கில் அது மறைந்துபோனது.

2025இல் கர்ட்ஸ் அத்லெட்டிக்ஸுக்கு 36 ஹோம் ரன் அடித்து, ஒரே ஆட்டத்தில் நான்கும் அடித்து, அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமானார். காக்லியானோன் அதே ஆண்டு கேன்சஸ் சிட்டிக்கு வந்து .157 மட்டுமே அடித்தார். ஓர் ஆண்டை வைத்து இருவருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. காக்லியானோனுக்கு வயதும் வலிமையும் மிச்சமிருக்கின்றன. இந்தப் பயிற்சியின் பாடம் குறுகியது: முடிவெடுக்கும் திறன், ஸ்ட்ரைக்அவுட் எண்ணைவிட ஆழமான இடத்தில் இருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும்

இந்த முறைக்கும் எல்லை உண்டு. டஸ்டின் ஆக்லி வட கரோலினாவில் மூன்று ஆண்டும் .400க்கு மேல் அடித்தார், வலிமையான பிரிவில். ஸ்ட்ரைக்அவுட் குறைவு, கண் நல்லது, ஓட்டம் உண்டு. 2009இல் சியாட்டில் இரண்டாவதாக எடுத்தபோது அநேகமாக எல்லோரும் தலையசைத்தார்கள். மேஜர் லீகில் அவர் சராசரி .241. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கல்லூரியில் முதல் பேஸில் நின்றவர், தொழில்முறையில் இரண்டாம் பேஸுக்கு மாற்றப்பட்டார். அடியும் எதிர்பார்த்தபடி வளரவில்லை. ஆகவே அறிக்கையில் எப்போதும் ஓர் 'அபாயம்' வரி இருக்கட்டும். 'அபாயம் இல்லை' என்று அதில் எழுத யாருக்கும் உரிமை இல்லை.

பணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். 2012 முதல் ஒவ்வோர் அணிக்கும் ஒப்பந்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு; முதல் பத்து சுற்றுகளின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பரிந்துரைத் தொகை உண்டு. 2024இல் முதல் இடத்துக்கு அது 1.057 கோடி டாலர், பசானா 89.5 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். மிச்சமானதை அணி வேறொருவருக்குச் செலவிடலாம். பேரம் பேச வேறு வழியில்லாத நான்காம் ஆண்டு மாணவர்களை அணிகள் ஆறு முதல் பத்தாம் சுற்றுகளில் குறைந்த தொகைக்கு எடுப்பதும் இதனால்தான். ஒருவர் எந்தச் சுற்றில் போனார் என்பதை அவருடைய திறனின் அளவாக மட்டும் படிக்காதீர்கள்.

அறிக்கை மாதிரி

கீழே உள்ளது ஒரு கற்பனை ஆட்டக்காரரைப் பற்றியது. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வயது: டிராஃப்ட் நாளில் 21 வயது 2 மாதம். மூன்றாம் ஆண்டு.
சூழல்: உயரமான மைதானம், நடுத்தரப் பிரிவு. வெளியூர்ச் சராசரி உள்ளூரைவிட 60 புள்ளி குறைவு.
மர மட்டை: ஒரு கோடை. ஸ்ட்ரைக்அவுட் 14இலிருந்து 19 சதவீதமாக ஏறியது, வாக் குறையவில்லை.
முடிவெடுத்தல்: துரத்தல் குறைவு. நடுவில் வருவதை விடுவதில்லை.
தொடுதல்: 93 மைலுக்கு மேல் உட்பக்கமாக வரும் பந்தில் பலவீனம்.
வலிமை: பயிற்சியில் 60, ஆட்டத்தில் இப்போது 40, எதிர்காலத்தில் 50.
இடம்: மூன்றாம் பேஸ், கால் கனத்தால் முதல் பேஸுக்கு நகரலாம்.
அபாயம்: முதல் பேஸுக்குப் போனால் இந்த அடி போதாது.
முடிவு: இரண்டாம் சுற்றின் பிற்பகுதி. வழக்கமாக ஆடும் மூன்றாம் பேஸ்காரர், ஆறாம் இடத்தில் அடிப்பவர்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 'நல்ல ஹிட்டர்' என்று எழுதுவது அறிக்கை ஆகாது. எந்த அணியில், எந்த இடத்தில், எத்தனையாவதாக அடிப்பார் என்று எழுதினால்தான் நாளை அது சரியா தவறா என்று சொல்ல முடியும். ஐந்து ஹிட்டர்களுக்கு இப்படி எழுதித் தேதி போட்டு வையுங்கள். மூன்று சீசன் கழித்து எடுத்து, எந்தக் கழிவில் அதிகம் கழித்தீர்கள், எதில் குறைவாகக் கழித்தீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் குறிப்புகளோடு தொடங்குங்கள்.